முட்டி அளக்கறதப் பத்தி அம்மா எழுதறேன்

கண்ணு,

நேத்து போன்ல சொன்னியே, வார்டுல கண்ணால பாத்துட்டே முட்டி 90 டிகிரி மடங்குதுன்னு கேஸ் ஷீட்ல எழுதிடறாங்க, மூட்டோட கோணத்த அளக்கற கோனியோமீட்டர் எடுத்தா டைம் வேஸ்ட்டுங்கறாங்கன்னு, அத கேட்டதுலேர்ந்து மனசே ஆறல. இத்தன வருஷம் இதே வேலை பாத்தவ சொல்றேன், யார் என்ன சொன்னாலும் நீ அளந்துதான் எழுதணும்.

முக்கியமா முட்டி மாத்தற ஆபரேஷனுக்கு முன்னாடி. அதத்தான் நெறய பேர் விட்டுடறாங்க. முட்டி மாத்துனப்புறம் எவ்ளோ மடங்கும்ங்கறத பெரும்பாலும் முடிவு பண்றதே முன்னாடி எவ்ளோ மடங்குச்சுங்கறதுதான். 80 டிகிரியோட வந்த பாட்டிக்கு 105 வந்தா அவங்களுக்கு அது பெரிய வரவு, 130 மடக்கிட்டு இருந்தவங்களுக்கு அதே 105 இழப்பு. பழைய நம்பர் இல்லேன்னா ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் தெரிவாங்க.

மல்லாக்கப் படுக்க வச்சுக்கோ. போர்வையால மறைச்சுட்டு துணிய ஒதுக்கு, புடவைக்கு மேலயே குத்துமதிப்பா வைக்காத. கோனியோமீட்டரோட நடு பாயிண்ட் முட்டியோட வெளிப்பக்க எலும்பு மேட்டுல, அதோட ஒரு கை இடுப்புப் பக்கம் தொடை எலும்போட மேல் மேடு, அந்த ட்ரோகான்டர பாக்கணும், இன்னொன்னு வெளிக் கணுக்கால் எலும்ப. உடம்பு கனமா இருக்கறவங்களுக்கு ட்ரோகான்டர் சட்டுனு கையில படாது, கால உள்ளயும் வெளியயும் உருட்டச் சொல்லு, விரலுக்கு அடியில நகர்றது தெரியும்.

எல்லாரும் மடக்கறதயே பேசுவாங்க, நீட்டறத மறந்துடுவாங்க. குதிகாலுக்கு அடியில டவல சுருட்டி வச்சுட்டு அளந்து பாரு. 10 டிகிரி நீளாம நின்னுடுச்சுன்னா நிக்கறப்பவும் நடக்கறப்பவும் தொடை தசை ஓயாம வேலை செஞ்சு சீக்கிரமே சோர்ந்து போயிடும். வீட்டுல பாசத்துல முட்டிக்கு அடியில தலகாணி வச்சு விடுவாங்க பாரு, அத அன்னிக்கே சொல்லித் தடுத்துடு. அவங்களா தூக்கி நீட்ட முடியல ஆனா நீ தாங்கிப் பிடிச்சா நீளுதுன்னா தசைக்கு பலம் இல்ல, நீ செஞ்சும் நீளலேன்னா மூட்டே இறுகியிருக்கு, வைத்தியமே வேற வேற, அதனால அவங்களா செய்யற ஆக்டிவ், நீ செஞ்சு விடற பாசிவ் ரெண்டயும் தனித்தனியா எழுது.

அப்புறம் 5 டிகிரி கூடிச்சு கொறஞ்சுதுன்னு பேஷண்ட்ட பயமுறுத்தவும் வேணாம், குதிக்கவும் வேணாம், அளக்கறதுலயே அவ்ளோ வித்தியாசம் வரும். முடிஞ்சவரைக்கும் அதே ஆள் அதே பொசிஷன்ல அளக்கணும். வீக்கம், கட்டு, வலி மாத்திரை போட்ட நேரம் எல்லாம் ஓரத்துல குறிச்சு வை.

சமதரையில நடக்க 65 டிகிரி கிட்ட போதும், படி எறங்க 90 கிட்ட வேணும், தாழ்வான சேர்லேர்ந்து எந்திரிக்க இன்னும் கொஞ்சம். 75 மடங்கறவர 90ன்னு எழுதிட்டா என்னாகும்னு யோசி. ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரத்துலேர்ந்து பன்னெண்டு வாரத்துக்குள்ள 90 தாண்டலேன்னா மயக்கம் குடுத்து மடக்கி விடலாமான்னு டாக்டர் யோசிக்கற நேரம் அது, அப்புறம் உள்ள தழும்பு இறுகிடும், வழி கொறஞ்சுடும். பொய் நம்பர் அந்த வாரங்கள தின்னுடும் கண்ணு, எனக்கு ஆத்தாமையே அதுதான்.

நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆகறாங்கன்னு சொன்னியே அந்த அம்மாவ, போறதுக்குள்ள நீயே அளந்து நீட்டறதயும் சேத்து சம்மரில எழுதச் சொல்லு. மதியம் சாப்பாட்ட தள்ளிப் போடாத.

அம்மா