லைட் எரிகிறது, வண்டி கிளம்பவில்லையா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். காலையில் கடை திறந்ததும் வருகிற போன்களில் அடிக்கடி கேட்பது இதுதான்: "பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார். லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, ஆனா வண்டி ஸ்டார்ட் ஆகல." சிலர் அவசரத்தில் புது பேட்டரியே வாங்கி மாட்டி, அதற்கப்புறமும் கிளம்பாமல் நம்மைக் கூப்பிடுகிறார்கள். அந்த வீண்செலவைத் தவிர்க்கத்தான் இந்த மடல்.

லைட் எரிவதை வைத்து பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் கூரை விளக்குக்கு ஒரு ஆம்பியர்கூட வேண்டாம். சாதாரண ஹாலஜன் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்கோ சின்ன பெட்ரோல் காரிலேயே 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும், டீசலுக்கு இன்னும் கூடுதல். வீட்டில் லோ வோல்டேஜ் வரும்போது பல்பு எரியும், போர் மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டு நிற்குமே, அதே கதைதான்.

அதனால் போனில் நாங்கள் முதலில் கேட்பது, சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் வருகிறது என்பதைத்தான். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

'டக டக டக' என்று வேகமாக அடித்தால் மின்சாரம் போதவில்லை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் சட்டென்று மங்கினால் சந்தேகம் பேட்டரி மேலோ, அதில் ஒயர் மாட்டும் முனையான டெர்மினல் மேலோதான். இதில் டெர்மினலை யாரும் பார்ப்பதே இல்லை. பானட்டைத் திறந்தால் பேட்டரியின் இரண்டு முனையிலும் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கும், ஒயரின் பிடியைக் கையால் அசைத்தால் ஆடும். புது பேட்டரி போட்டாலும் பழைய பிடி அப்படியே இருந்தால் கரண்ட் எப்படிப் போகும்? நீங்களே சரி செய்யலாம். சாவியை எடுத்துவிட்டு, 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ் கழற்றுங்கள். ஆப்ப சோடா கரைத்த வெந்நீரை பழைய டூத்பிரஷில் தொட்டுத் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, பாசிட்டிவை முதலில் மாட்டி இறுக்குங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் மறுபடி பூப்பது குறையும். கையில் மோதிரம், வளையல் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். ஸ்பேனர் இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் தொட்டுவிடக் கூடாது. நெகட்டிவ் ஒயர் பாடியில் போய்ச் சேரும் எர்த் போல்ட்டிலும் துரு இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

ஒரே ஒரு 'டக்', லைட்டும் மங்கவில்லை என்றால் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடும் சொலினாய்டின் பாயிண்டோ, மோட்டாருக்குள் உரசிக்கொண்டே கரண்ட் கொடுக்கும் கார்பனோ தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மோட்டாரை லேசாகத் தட்டி ஸ்டார்ட் செய்வது பழைய வித்தை. சில சமயம் பலிக்கும். பலித்த அன்றே வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள், அடுத்த முறை எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.

சத்தமே இல்லையா? பதற்றப்படாதீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியர் P அல்லது N-இல் இருக்கிறதா, பிரேக்கை நன்றாக மிதித்தீர்களா என்று பாருங்கள். மேனுவலிலும் பல மாடல்களில் கிளட்சை முழுசாக அழுத்தினால்தான் செல்ஃப் எடுக்கும். காலுக்கடியில் மடிந்து கிடக்கும் மேட் கிளட்சை முழுசாக இறங்க விடாமல் செய்வதும் உண்டு. பட்டன் ஸ்டார்ட் என்றால் ரிமோட்டின் செல் தீர்ந்திருக்கலாம். ரிமோட்டை அந்தப் பட்டன் மேலேயே ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல வண்டிகள் கிளம்பிவிடும்.

இன்னொரு வகை, செல்ஃப் ஜோராகச் சுற்றும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. இதற்கும் பேட்டரிக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. மீட்டர் போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் வண்டி உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் வண்டியில் சாவியை ON-இல் வைத்ததும் பின்சீட் பக்கம் இரண்டு வினாடி 'ஙொய்' என்று ஒரு சத்தம் கேட்கும், அது பியூயல் பம்ப். அது கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே (பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), பம்ப் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். ஊருக்குப் போய்விட்டு வந்து எடுக்கிற வண்டி என்றால் எலியையும் மறந்துவிடாதீர்கள். இன்ஜின் மேல் புழுக்கையோ கடித்துப்போட்ட ஒயர் துண்டோ கிடந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்.

செல்ஃபை ஒரு முறைக்கு 10 வினாடிக்கு மேல் அடிக்காதீர்கள், நடுவில் ஒரு நிமிடமாவது விடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்காத வண்டியைத் தெருவே சேர்ந்து தள்ளினாலும் பயனில்லை. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுப்பதுதான் மிச்சம். மழைத் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் சாவியைத் தொடவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்து செல்ஃப் அடித்தால் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், செலவு எங்கேயோ போய் நிற்கும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பேட்டரியை மாற்றச் சொல்வதற்கு முன் வோல்ட் மீட்டரை உங்கள் கண்ணெதிரே வைத்துக் காட்டுவோம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8-லிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால், ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பார்க்காமல் புது பேட்டரி போடுவதில் அர்த்தமே இல்லை. வேறு எங்கே மாற்றினாலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

போன் செய்யும்போது என்ன சத்தம், லைட் மங்கியதா, மீட்டர் போர்டில் எந்த விளக்கு எரிகிறது, பேட்டரி எந்த வருஷம் போட்டது, இவற்றைச் சொன்னால் போதும். தேவையான சாமானோடு பையனை அனுப்பிவிடுவோம். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஆள் இருக்காது, இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் ஜம்பர் கேபிள் மட்டும் வேண்டுமென்றால் கடைக்குப் பின்னால் உள்ள வீட்டில் வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் கார் பணிமனையிலிருந்து