புகாரைக் கேட்க வெளியாள் வேண்டும்: திடல்தடக் கழகச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வணக்கம்.

போன மாதம் நடந்தது உங்களுக்குத் தெரியும். நம் கழகத்தின் அந்தப் பயிற்றுநர் இரவு 11 மணிக்கு மேல் என் மகளுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) என்னென்ன எழுதினார் என்பதை மறுபடி சொல்லப் போவதில்லை. எல்லாவற்றையும் அச்செடுத்து உங்கள் கையில் கொடுத்தேன். காவல் நிலையத்திலும் புகார் செய்திருக்கிறேன், அது தன் வழியில் போகட்டும். நான் எழுத வந்தது நீங்கள் கூட்டிய விசாரணையைப் பற்றி.

மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து ஆண்கள். இந்தப் பக்கம் நானும் 15 வயதுப் பிள்ளையும். அந்தப் பயிற்றுநரும் அதே அறையில் உட்கார்ந்திருந்தார். “அவர் முன்னாலேயே சொல்லும்மா, அதுதான் நியாயம்” என்றார் உங்களில் ஒருவர். பாதியில் இன்னொருவர் வந்து சேர்ந்தார். அவருக்காக முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். தசைப்பிடிப்புக்குத் தைலம் தேய்க்கிறேன் என்று பயிற்றுநர் சாமான் அறைக் கதவைச் சாத்திய இடத்துக்கு வந்ததும் அவளுக்குக் குரல் எழவில்லை. “எந்தக் கால்?” என்று கேட்டீர்கள். அவள் பதில் சொல்லவில்லை. பையை மடியில் இழுத்து வைத்துக் கால்களை மறைத்துக்கொண்டாள். 400 மீட்டர் ஓடுகிற பிள்ளை ஐயா அவள். அன்றிலிருந்து வீட்டுக்குள்கூட நீளக் காற்சட்டைதான்.

அதனால் கேட்கிறேன்: புகாரைக் கேட்பவர்கள் கழகத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும். அதில் பெண்களும் இருக்க வேண்டும். விசாரணை முடியும்வரை அந்தப் பயிற்றுநர் பிள்ளைகள் பக்கம் வரக் கூடாது.

“வெளியே தெரிந்தால் கழகத்தின் பெயர் கெடும்” என்றீர்கள். சிகிச்சை என்ற பெயரில் பெண் பிள்ளைகளிடம் பாலியல் கொடுமை செய்த அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் மருத்துவர் லாரி நாசரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1997-லேயே ஒரு பயிற்றுநரிடம் சொன்னதாகப் பாதிக்கப்பட்ட பெண்கள் சிலர் பின்னாளில் தெரிவித்தார்கள். நாசர் கைதானது 2016-ல். 2018-ல் பாதிக்கப்பட்டவர்கள் 150-க்கும் மேற்பட்டோர் நீதிமன்றத்தில் பேசினார்கள். சிலருக்குப் பெற்றோர் அதே அறையில் இருந்தபோதே அது நடந்திருக்கிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது அங்கே, பெரியவர் ஒருவர் 18 வயது நிரம்பாத வீரரோடு இருக்கும்போது மற்றவர்கள் பார்க்கும்படியும், வேண்டுமானால் குறுக்கிடும்படியும் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். சாமான் அறைக் கதவைத் திறந்து வைக்க நமக்கு என்ன செலவு?

நம் மலேசியாவிலும் சட்டம் இருக்கிறது. சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017, பிள்ளையின் நம்பிக்கைக்குரியவர்கள் என்று சொல்லும் பட்டியலில் ஆசிரியரோடு பயிற்றுநரையும் சேர்த்திருக்கிறது. அப்படிப்பட்டவர் குற்றம் செய்தால் தண்டனை கூடும். இப்படிப்பட்ட குற்றம் நடந்தது தெரிந்தும் காவல் துறையிடம் சொல்லாமல் இருப்பதும் குற்றம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் குடும்பங்களில் ஒரு பெண் பிள்ளையைத் திடலுக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய போராட்டம் என்று உங்களுக்குத் தெரியாததா? வெயிலில் கறுத்துப்போவாள், படிப்புக் கெடும், சட்டை குட்டை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லோரிடமும் சண்டை போட்டு, விடியற்காலை 5 மணிக்கு அவள் அப்பா மோட்டாரில் கொண்டுவந்து உங்களிடம் விட்டுப் போனார். இப்போது அதே உறவினர்கள் “அப்போதே சொன்னோமே” என்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலை நீங்கள்தான் தர வேண்டும்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னியுங்கள். கழகம் எங்களுக்கு வேண்டும். என் மகளோடு ஓடுகிற மற்றப் பிள்ளைகள் இன்றும் அதே திடலில் நிற்கிறார்கள். தயவு செய்து அடுத்த செயற்குழுக் கூட்டத்திலேயே இதை முடிவு செய்யுங்கள்: புகாரைக் கேட்க வெளியாள், விசாரணை முடியும்வரை அந்தப் பயிற்றுநர் விலகி இருப்பது. பதிலைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பட்டர்வொர்த், பினாங்கு