சம்பந்தி வீட்டுச் சுருக்குமடி

ஏற்காடு

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டாதே, மிளகு பறிப்பு. உன் தங்கச்சிக்கு மூட்டுவலி இப்போது தேவலை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவுக்குக் கடலூர் பக்கம் ஒரு இடம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. கூட வேலை பார்க்கும் பையன்தான். சிரிக்காதே. மலையைவிட்டு இறங்கவே யோசிக்கிற எனக்குக் கடற்கரைச் சம்பந்தம்! கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும்.

பையனின் அப்பாவுக்குச் சுருக்குமடி வலை போட்டு மீன் பிடிக்கும் படகில் பங்கு. வீடு பார்க்க வந்தவர், சீர் செனத்திப் பேச்சை விட்டுவிட்டு, களத்தில் காய்ந்த மிளகைச் சுற்றிக் கயிற்றைப் போட்டுத் தொழிலை விளக்க உட்கார்ந்துவிட்டார். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை எல்லாம் மேல்தண்ணீரில் கூட்டமாகப் போகும். அந்த இடத்தில் தண்ணீர் கறுத்துத் தெரியும், பறவை இறங்கி இறங்கி எழும். பார்த்ததும் வலையின் ஒரு நுனியைச் சின்னப் படகில் கொடுத்துவிட்டு, பெரிய படகு கூட்டத்தைச் சுற்றி வலையை விட்டுக்கொண்டே வட்டமடிக்கும். பெரிய வலை ஒரு கிலோமீட்டர்கூட இருக்குமாம். மேலே மிதவை, கீழே ஈயம்.

“அடி வழியாக ஓடிவிடாதா?” என்றேன். மனுஷன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! “அங்கதாங்க சூட்சுமமே இருக்கு.” வலையின் அடி ஓரம் நெடுக வளையங்கள், அவற்றுக்குள் ஒரு கயிறு. வட்டம் கூடியதும் அந்தக் கயிற்றை இழுத்தால் வளையங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அடி மூடிக்கொள்ளும். நம் பாட்டிகளின் சுருக்குப்பையேதான். இழுப்பில் கொஞ்சம் சுணங்கினாலும் மொத்தக் கூட்டமும் கீழே பாய்ந்துவிடும். மூடிவிட்டால், வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மீன் ஒரே இடத்தில் நெருங்கித் துள்ளும்போது அள்ளவேண்டியதுதான்.

கேட்கக் கேட்க, நானும் ஒருநாள் ஏறிப் போகவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கவலை ராத்திரிதான் வந்தது. 2000-லேயே தமிழ்நாட்டில் இந்த வலைக்குத் தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை என்று அனுமதித்தது. “மத்திக்குக் கிழமை தெரியுமாங்க?” என்று சம்பந்தி சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே வளைப்பில் கூட்டத்தையே வாரிக்கொண்டு போனால் குஞ்சும் போகிறது, மீன் குவிந்து விலையும் விழுகிறது, நாங்கள் எதைப் பிடிப்பது என்று நாட்டுப்படகுக்காரர்கள் கேட்கிறார்கள். “இழுவைமடி மாதிரி நாங்க தரையைச் சொரண்டலையே” என்கிறார் இவர். அதுவும் பொய்யில்லை. ஆனாலும் என் மனசு நாட்டுப்படகுக்காரன் பக்கம்தான் சாய்கிறது. இதைச் சம்பந்தியிடம் சொல்ல முடியுமா?

உன் மச்சான் கடலூரில்தானே இருக்கிறான்? படகுக்குப் பதிவு இருக்கிறதா, கோர்ட்டு சொன்ன கண்காணிப்புக் கருவியை மாட்டியிருக்கிறார்களா, வலைமேல் கடன் எவ்வளவு என்று காதும் காதும் வைத்தமாதிரி விசாரிக்கச் சொல். பையன் தங்கம், அதில் சந்தேகமே இல்லை. நான் விசாரித்தது மட்டும் பாப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள். பதிலை வீட்டுக்குப் போடாதே, டீக்கடை விலாசத்துக்கு எழுது.

உன்
நெட்டை