மூலிகைப் பொதியிலும் அளவு எழுதப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்கிவிட்டால் திருகோணமலையில் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவியும் மணம் எழாத வீடு அரிது. தடிமனுக்கு அந்தக் குடிநீரை நானும் நம்பிக் குடிப்பவன்; அதைக் குறை சொல்வது என் நோக்கமன்று.

குருதியமுக்கத்துக்கு நாள்தோறும் குளிசை எடுக்கும் என் சின்னம்மா, இருமலுக்கென்று கடையில் வாங்கிய அதிமதுரத் தூளைக் காலையும் மாலையும் தேநீரில் கலந்து ஏறத்தாழ இரண்டு மாதம் குடித்தார். கால் வீங்கி, அமுக்கமும் கட்டுக்கடங்காமல் போன பின்னரே, வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். அதிமதுரத்திலுள்ள கிளிசிரைசின் என்னும் பொருள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொற்றாசியத்தைக் குறைத்து, அமுக்கத்தை ஏற்றக்கூடியது என்பதை அன்றுதான் அறிந்தோம். பொதியைத் திருப்பிப் பார்த்தேன்: விலை இருந்தது, ‘பக்க விளைவு அற்றது’ என்ற வாசகமும் இருந்தது, எவ்வளவு, எத்தனை நாள், யார் தவிர்க்க வேண்டும் என்பதில் ஒரு வரிகூட இல்லை.

சித்த வைத்தியர் நாடி பார்த்து, அளவும் பத்தியமும் சொல்லித் தரும் மருந்து வேறு, கடையில் பொதியாக விற்கும் தூள் வேறு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகையில், அத்துறையினரின் ஆலோசனையுடன் இத்தகைய பொதிகளில் அளவையும் எச்சரிக்கையையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடச் செய்வது சுகாதார அதிகாரிகளுக்குக் கடினமன்று.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை.