செயலாளரின் ஆண்டறிக்கை: கோபி பார் தேர்வுப் பயிற்சி வகுப்பு, 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த வழக்கறிஞர்களே, நம் வகுப்பில் படித்து இன்று கறுப்புக் கோட்டோடு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். நிர்வாகக் குழு மாதம் தவறாமல் கூடியது. வகுப்பு நடக்கும் மண்டி மாடியின் வாடகையில் பாக்கி இல்லை. இவை போக, சங்கத்தின் உயிரே ஞாயிற்றுக்கிழமை வகுப்புதான் என்பதால் அதைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

சட்டப் பட்டதாரிகள் வழக்கறிஞர் தொழில் செய்யத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வு, இருபதாவது முறையாக நவம்பர் 30 அன்று நடந்தது. 2011இல் முதல் தேர்வு நடந்தபோது புத்தகம், குறிப்பேடு எல்லாம் கொண்டுபோகலாம். 2021 முதல் அந்த வசதி இல்லை. உரையோ குறிப்போ இல்லாத சட்டப் புத்தகம், அதாவது நாம் பேர் ஆக்ட் என்று சொல்வதை மட்டுமே உள்ளே விடுகிறார்கள். மொத்தம் 100 கேள்விகள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. பொதுப்பிரிவினரும் இதர பிற்படுத்தப்பட்டோரும் 45 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 40. கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கேள்விக்குக் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு நிமிடம்தான். புத்தகம் கையில் இருந்தாலும், எந்தச் சட்டத்தில் எந்த அத்தியாயத்தில் தேட வேண்டும் என்று தெரியாதவருக்கு அது வெறும் சுமை.

அதனால் நம் வகுப்பில் முதல் மாதம் முழுவதும் தேடும் பயிற்சிதான். பவானி ஜமக்காளத்தை விரித்து வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் சிக்கலைச் சொல்ல, மற்றவர்கள் பிரிவைக் கண்டுபிடிக்க வேண்டும். சிக்கல்களை நம் நீதிமன்ற வாசலிலிருந்தே எடுத்தோம். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத் தகராறு வந்தால் உறுத்துக் கட்டளை, அதாவது ஒரு செயலைச் செய்யக் கூடாது என்று நீதிமன்றம் தடுப்பது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் 39ஆம் கட்டளை. நூல் வியாபாரியின் காசோலை திரும்பி வந்தால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு. வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் அறிவிப்பு, அறிவிப்பு கிடைத்தபின் பணம் கட்ட 15 நாள், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். நம் மூத்தவர் ஒருவர் இந்த மூன்று கெடுவையும் சுவர் நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணிக் காட்டினார். கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் படித்தும் பிடிபடாதது அன்று அரை மணியில் பிடிபட்டதாகப் பிள்ளைகள் சொன்னார்கள்.

புதிய குற்றவியல் சட்டங்கள்தான் பெரும்பாடு. 2024 ஜூலை 1 முதல் மூன்றும் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஊர்ப் பேச்சில் ஊறிப்போன, மோசடிக்கான 420ஆம் பிரிவு இப்போது 318. கொலைக்கான 302 இப்போது 103. பழைய எண்ணில் படித்துத் தேறியவர்கள் புதிய எண்ணில் தேர்வு எழுதினார்கள். இரண்டையும் எதிரெதிரே எழுதிய அட்டையைத் தயாரித்துக் கொடுத்த இளம் வழக்கறிஞர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

தேர்வுக்கு முந்தைய நாள் மாலை நடந்ததையும் பதிவு செய்ய வேண்டும். அந்தியூர்ப் பக்கமிருந்து வரும் தங்கை ஒருவர், தமிழ்வழியில் பள்ளி முடித்தவர், தன் பேர் ஆக்டில் பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் தமிழில் பொருள் எழுதிவைத்திருந்தார். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 11ஆம் பிரிவின் ஓரத்தில் "முன்தீர்ப்புத் தடை" என்று முத்து முத்தாக இருந்தது. எழுதிய புத்தகத்துக்கு அனுமதி இல்லை என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. நாங்கள் நான்கு பேர் ரப்பரோடு உட்கார்ந்தோம். இரவு ஒன்பது மணிக்கு ஜமக்காளம் முழுக்க ரப்பர்த் துகள். காசோலைப் பிரிவு இருந்த பக்கம் மட்டும் கிழிந்துவிட்டது. "போகட்டும் அண்ணா, அது நாட்காட்டியோடு மனதில் இருக்கிறது" என்றார். மறுநாள் விடியற்காலை நான்கு மணி பஸ்ஸில் தேர்வுக்குப் போனார். இந்த விதியை முதல் வகுப்பிலேயே சொல்லாதது நம் தவறு. இனி முதல் நாளே சொல்லப்படும்.

இதிலிருந்து சட்டக் கல்லூரிகளுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. பருவத் தேர்வுக்குப் பக்கம் பக்கமாக எழுதப் பழக்குகிறீர்கள், அது தேவைதான். ஆனால் மூல சட்டத்தைத் திறந்து படிக்க வைக்கும் மணி நேரம் பாட அட்டவணையில் குறைவு. நம்மிடம் வருபவர்களில் பலர் வழிகாட்டி நூலில் மட்டுமே சட்டத்தைச் சந்தித்தவர்கள். பார் தேர்வு பட்டத்துக்குப் பிறகு வருவது, அது எங்கள் வேலை அல்ல என்று இனியும் சொல்ல முடியாது. 2023 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, தேர்வு நடத்தும் பார் கவுன்சிலின் அதிகாரத்தை உறுதி செய்ததோடு, இறுதிப் பருவ மாணவர்களும் எழுதலாம் என்ற யோசனையையும் ஏற்றது. தேர்வு கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டது. அமெரிக்காவில், தேர்வு எழுதும் பட்டதாரிகளில் 75 விழுக்காட்டினராவது இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும் என்பது சட்டக் கல்லூரியின் அங்கீகாரத்துக்கான விதிகளில் ஒன்று. அதனால் அங்கே கல்லூரிகளே பயிற்சிப் பாடம் நடத்துகின்றன. தடுமாறும் மாணவரை முதல் ஆண்டிலேயே அடையாளம் கண்டு துணைக்கு ஆள் வைக்கின்றன. கோவையிலும் சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசுச் சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. இறுதி ஆண்டில் வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், பாடம் எடுக்க நம் உறுப்பினர்கள் பஸ் செலவைக்கூடக் கேட்காமல் வரத் தயார். இதைக் கடிதமாக எழுதியிருக்கிறேன். அவை ஒப்புதல் தந்தால் நாளையே அனுப்பிவிடலாம்.

தேர்வுக் கட்டணம் பொதுப்பிரிவினருக்கு 3,500 ரூபாய். வழக்கறிஞராகப் பதிவு செய்யும் கட்டணம் பொதுப்பிரிவினருக்கு 750 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அங்கே சுமை குறைந்தது, இங்கே குறையவில்லை. தறிக்குப் போய்க்கொண்டே படிக்கும் பிள்ளைகளுக்காகக் கட்டண உதவி நிதி ஒன்றைத் தொடங்கக் குழு முடிவு செய்திருக்கிறது. உறுப்பினர்கள் இயன்றதைப் பொருளாளரிடம் தரலாம். வீட்டில் எழுத்துப் படாத பேர் ஆக்ட் இருந்தால் அதையும் மண்டி மாடியில் சேர்த்துவிடுங்கள். அலமாரியில் இடம் இருக்கிறது.

இவ்வறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்
கோபிசெட்டிபாளையம்