ரெண்டாம் பக்கத்தை அம்மாவிடம் வாசிக்க வேண்டாம்

அமரில்லோ, டெக்சாஸ்
ஞாயிற்றுக்கிழமை ராத்திரி

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் நலம். அங்கே நீங்கள், மதினி, பிள்ளைகள், அம்மா எல்லோரும் சுகம்தானே?

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. 'போனில் பேச முடியாத விஷயம், அதனால் எழுதுகிறேன்' என்று ஆரம்பித்திருந்தீர்கள். எனக்கும் அதே கதைதான். போன் போட்டால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், மதினி தலையை நீட்டுகிறாள், பிறகு நான் எதைப் பேச? ஆகையால் ஒரு ஏற்பாடு. இந்த முதல் பக்கத்தை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அடுத்த பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு முதல் கேள்வி குளிர். குளிர்தான், ஆனால் இந்த ஊரில் காற்றுதான் ஆளை அடிக்கிறது. 3,600 அடி உயரத்தில் இருக்கிற ஊர் என்கிறார்கள், மருந்துக்குக்கூட ஒரு மலை கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் களத்துமேடு மாதிரி தட்டை. ஆடி மாசம் ஆரல்வாய்மொழி தாண்டும்போது பஸ் ஜன்னலைத் திறந்தால் கன்னத்தில் ஒன்று விழுமே, அந்தக் காற்றை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து வீசினால் எப்படி, அப்படி. ஊருக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய மட்டும் காற்றாலை. ராத்திரி அத்தனை தலையிலும் சிவப்பு விளக்கு ஒன்றுபோல மின்னி அணைகிறது. வேலை முடிந்து வரும்போது, நாகர்கோவில் போய்விட்டுத் திரும்புகிற பஸ்ஸில் முப்பந்தலைத் தாண்டுகிறோம், இனி ரெண்டு தூக்கம் போட்டால் வீடு என்று தோன்றும். ஒரு நிமிஷம்தான்.

தென்மேற்கிலிருந்து அடித்தால் மாட்டு வாடை. இந்தச் சுற்று வட்டாரம் முழுக்க மாடுகளைப் பட்டியில் அடைத்துக் கொழுக்க வைக்கிற தொழில். ஊர்க்காரர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டே 'பணத்தோட வாசனை' என்பார்கள். நம் சிவப்பி நின்ற தொழுவம் மாதிரியேதான் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இங்கே ஒரு ஓட்டலில் 72 அவுன்ஸ் மாட்டுக்கறி, நம் கணக்குக்கு ரெண்டு கிலோ, தொட்டுக்கைகளோடு ஒரு மணி நேரத்தில் தின்று முடித்தால் காசு வேண்டாம். நான் ரசமும் சோறும்தான். போன வாரம் டப்பாத் தேங்காய்ப் பாலில் சொதி வைத்தேன். முருங்கைக்காய் இல்லை, இஞ்சிப் பச்சடி இல்லை, இருந்தாலும் அதற்குச் சொதி என்றுதான் பேர். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டுக் குடித்துவிட்டு, கிண்ணத்தைக் கழுவி, அதில் மாட்டு உப்புக்கண்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். வெறும் பாத்திரம் திருப்பித் தரக்கூடாது என்பதை இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

வேலை வாரத்துக்கு நாலு நாளாகிவிட்டது. ஓய்வுக்கு நல்லது. மதினி கேட்டாளாம், வீடியோவில் கழுத்துச் செயினைக் காணோமே என்று. பத்திரமாக இருக்கிறது. ஸ்வெட்டருக்குள் கிடப்பதால் தெரிவதில்லை.

(அம்மாவுக்கு இதுவரை. பக்கத்தைத் திருப்புங்கள்.)

அண்ணே, அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்தது அங்கேயே கிடக்கிறது, லைசன்ஸ்காரர் போய்ச் சேர்ந்துவிட்டதால் திருப்பித் தர மாட்டேன் என்கிறார்கள், உங்கள் பேருக்கு மாற்றுவதா, இல்லை டீலரிடம் தள்ளிவிடுவதா என்று. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அந்த வாரம்தான் நான் இங்கே ஒரு துப்பாக்கிக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்திருந்தேன்.

திட்டாதீர்கள். முழுக்கக் கேளுங்கள்.

போன மாசம் ராத்திரி ஷிப்டில் நான் வேலை பார்க்கிற கடைக்கு ஒருத்தன் வந்தான். கல்லாவைத் திற என்றான். திறந்தேன். 80 டாலரோ என்னவோ இருந்தது, எடுத்துக்கொண்டு போய்விட்டான். என்னைத் தொடக்கூட இல்லை. சட்டைப் பைக்குள் கையை வைத்தே பேசினான், உள்ளே துப்பாக்கி இருந்ததா வெறும் விரலா என்று இன்றைக்கும் தெரியாது. அவ்வளவுதான் நடந்தது. கடையில் துப்பாக்கி வைக்கக் கூடாது என்பது முதலாளி சட்டம், ஆகையால் நான் வாங்குவது கடைக்கு இல்லை. தூக்கத்துக்கு. அன்றையிலிருந்து காற்றுக்குக் கதவு ஆடினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் சொன்னேன். வியட்நாமில் சண்டை போட்டவர், 76 வயசு, வாசலில் நாற்காலி போட்டு நாள் முழுக்க ரேடியோவைத் திட்டிக்கொண்டே இருப்பார். 'எவ்வளவு வைத்திருக்கிறாய்?' என்றார். எல்லாம் சேர்த்து 400 டாலர் என்றேன். பழைய கவர் ஒன்றின் பின்பக்கத்தில் கோடு போட்டார். துப்பாக்கிக்கு 260-க்கு மேல் போகாதே. தோட்டா ரெண்டு பெட்டிக்கு 30. காதுக்கு மூடி 20. பூட்டு போட்ட இரும்புப் பெட்டி 40. மிச்சம் சுட்டுப் பழகுகிற இடத்துக்கு. 'முழுப் பணத்தையும் இரும்பில் போடுகிறவன், சுடத் தெரியாத இரும்பை வாங்குகிறான்' என்றார். பம்புசெட் வாங்கிவிட்டுக் கரண்ட் கனெக்ஷனுக்குக் காசில்லாமல் நின்ற நம் மேலத்தெருச் சித்தப்பா ஞாபகம் வந்தது.

எனக்கு ஆசை சின்ன ரிவால்வர் மேல். சினிமாவில் பார்த்த ஆசைதான். அஞ்சு தோட்டா, உள்ளங்கைக்குள் அடங்கும். தாத்தா சிரித்துவிட்டு, சுடும் இடத்துக்குக் கூட்டிப் போய் வாடகைக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தார். அண்ணே, கனம் குறைந்த துப்பாக்கிதான் கையை உதைக்கிறது. இத்தனை நாள் நான் மறுபக்கமாக நினைத்திருந்தேன். அஞ்சில் ஒன்றுதான் தாளில் பட்டது, மற்ற நாலும் எங்கே போயிற்றென்று சுவரைத்தான் கேட்க வேண்டும். பிறகு நடுத்தர சைஸில் ஒன்பது எம்.எம். பிஸ்டல் கொடுத்தார். கனம் இருக்கிறது, குழல் நாலு அங்குலம், உதை பாதிதான். இடுப்பில் ஒளித்துத் திரிகிறவனுக்குத்தான் சின்னது வேண்டும், வீட்டில் வைக்கிறவனுக்கு எதற்கு என்றார். நான் இடது கட்டைவிரலை, ஸ்லைடு என்கிற அந்த நகரும் மேல்பாகத்துக்குப் பின்னால் கொடுத்துப் பிடித்திருந்தேன். சுட்டதும் அது பின்னால் ஓடிவந்து தோலைச் சீவிவிட்டது. மட்டன் கடையில் கொழுப்பைச் சீவுவது போல, வலிகூடத் தெரியவில்லை, ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. இந்தக் கடிதத்தில் மேலே ஒரு கறை தெரிந்தால் அது காபி.

அடுத்த பாடம் விலை. கிளாக் என்கிற கம்பெனி பிஸ்டல் புதுசு 500-க்கு மேல், நமக்கு ஆகாது. போலீஸ்காரர்கள் வைத்திருந்து கழித்துப் போட்ட கிளாக் மலிவாகக் கிடைக்கிறது. உறையில் உரசி உரசி மேலே வெளுத்திருக்கும், உள்ளே அதிகம் சுட்டிருக்க மாட்டார்கள். ஒன்றைப் பார்த்துவிட்டு எனக்கு வாய் ஊறிற்று. தாத்தா தோட்டா அளவைக் காட்டினார். பாயிண்ட் நாற்பது, ஒன்பது எம்.எம்.மைவிடப் பெரிசு. இங்கத்திய மத்தியப் போலீஸான எஃப்.பி.ஐ. ஒன்பது எம்.எம்.முக்குத் திரும்பினதும் போலீஸ்காரர்களும் பின்னாலேயே திரும்பிவிட்டார்கள், அதனால் நாற்பதுக்கு மவுசு போய்விட்டது. துப்பாக்கி மலிவு, தோட்டா விலை கூட, உதையும் கூட. மாடு மலிவென்று ஓட்டிவந்து தீவனத்துக்கு நிலத்தை விற்ற கதை.

கடைசியில் கிடைத்தது ஒரு அடகுக்கடையில். அந்தக் கடைக்கு ஏன் போனேன் என்பதை விடுங்கள். இங்கே அடகுக்கடையில் கிட்டாரும் ரம்பமும் கல்யாண மோதிரமும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும், பக்கத்துப் பெட்டியில் துப்பாக்கி. மீட்க முடியாமல் போனவர்களுடையது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் எஸ்.டி.9 பிஸ்டல், பழசு, 240 டாலர். 8.25 சதவீத வரி சேர்த்து 260. விசை கொஞ்சம் முரடு, கிணற்று ராட்டினம் எண்ணெய் காய்ந்தால் இழுக்குமே அந்த மாதிரி. அதனால்தான் மலிவு. தாத்தா தோட்டா அடைக்கிற மேகசினைக் கழற்றினார், ஸ்லைடை இழுத்துப் பூட்டினார், கண்ணால் பார்த்தது போதாதென்று சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவினார். காலி என்று உறுதியான பிறகுதான் பிரித்து, குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் பல்லைப் பார்க்கிற மாதிரி பார்த்தார் என்றால் உங்களுக்குப் புரியும்.

முன்பணம் 80 கட்டியிருக்கிறேன். மாசம் 60 வீதம் மூன்று மாசம், அதுவரை அவர்களே எடுத்து வைத்திருப்பார்கள். மொத்தமாகக் கையில் இல்லாமல் இல்லை. இங்கே எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்.

காகிதம் என்று ஒன்று இருக்கிறதே, அது நம் ஊரைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அப்பா வி.ஏ.ஓ., தாசில்தார், இன்ஸ்பெக்டர், கலெக்டர் ஆபீஸ் என்று ரெண்டு வருஷம் நடந்தாரே. இங்கே 4473 என்று ஒரு படிவம். 21 வயசு முடிந்திருக்க வேண்டும். வேலை விசாவில் வந்தவர்களுக்குக் கிடையாது (வேட்டை லைசன்ஸ் என்று ஒரு சந்து உண்டு), கிரீன் கார்டு வைத்திருக்கிறவனுக்கு உண்டு. உனக்கே வாங்குகிறாயா, வேறு ஆளுக்கா, ஜெயிலுக்குப் போனதுண்டா, போதைப் பழக்கம் உண்டா என்று வரிசையாகக் கேள்வி. பொய் சொன்னால் உள்ளே. கடைக்காரர் எஃப்.பி.ஐ.யிடம் கேட்பார், பெரும்பாலும் சில நிமிஷத்தில் சரி என்று வந்துவிடுமாம். கடைசித் தவணை கட்டுகிற அன்றைக்கு எனக்கு அது நடக்கும்.

அதுவரை தாத்தா தன்னுடையதைக் காலியாக்கிக் கொடுத்துப் பழக்குகிறார். முன்பக்கக் குறிமுனையில் ஒரு காசை நிறுத்தி வைத்து, அது விழாமல் விசையை அழுத்த வேண்டும். எனக்குப் பத்தில் ஏழு விழுகிறது. தோட்டா இல்லாவிட்டாலும் இருப்பதாகவே நினை, சுடக் கூடாததை நோக்கிப் பிடிக்காதே, குறி வைக்கும்வரை விசையில் விரலை வைக்காதே, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று பார். இந்த நாலையும் தினம் ஒப்பிக்கச் சொல்கிறார். நாலாவதைச் சொல்லும்போது என் படுக்கைப் பக்கத்துச் சுவரை விரலால் தட்டினார். டிரெய்லர் வீடு, சுவர் அட்டைப்பெட்டிதான், தட்டினால் உள்ளே காற்று கேட்கும். 'இதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?' என்றார். யோசித்துப் பார்த்தேன். அவருடைய கட்டில்.

அன்றைக்குக் கட்டிலை இழுத்து எதிர்ச் சுவரில் போட்டேன்.

அப்பாவின் துப்பாக்கியை விற்க வேண்டாம் அண்ணே. அவர் சுட்டு எந்தப் பன்னி செத்தது? வானத்தைப் பார்த்து ரெண்டு வெடி போடுவார், அவ்வளவுதான். ஒரு தடவை மோட்டார் ரூம் ஆஸ்பெஸ்டாஸ் கூரையையே துளைத்தாரே, அந்த ஓட்டை வழியாக மழை ஒழுகுகிற இடத்தில் அம்மா ஒரு வாளியை வைத்து, வருஷக்கணக்காக அந்த வாளியை எடுக்காமலேயே விட்டாளே. மலையடிவாரத்திலிருந்து அந்தச் சத்தம் எதிரொலித்து வரும்போது நீங்களும் நானும் பரணில் போர்வைக்குள் கிடந்து சிரிப்போம். பனியில் நனைந்த கடலைச் செடி வாசமும் கந்தக வாடையும் சேர்ந்து வரும். இங்கே சுடும் இடத்தில் அந்தக் கந்தக வாடையை எதிர்பார்த்துத்தான் மூக்கை உறிஞ்சினேன். இது வேறே, பெயின்ட் கடை மாதிரி. காதுமூடியைக் கழற்றிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். தாத்தா ஒன்றும் கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தில் நானும் அக்காவும் கையெழுத்துப் போட வேண்டும் என்றீர்கள். நான் வெறுமனே கையெழுத்திட்டு அனுப்பினால் கலெக்டர் ஆபீசில் ஏற்க மாட்டார்கள். ஹூஸ்டனில் நம் துணைத் தூதரகம் இருக்கிறது, இங்கிருந்து 600 மைல், இப்போதைக்கு லீவு கிடைக்காது. இங்கேயே நோட்டரி முன்னால் கையெழுத்திட்டு, ஆஸ்டினில் உள்ள மாநில அரசு ஆபீசுக்குத் தபாலில் அனுப்பி, வெளிநாட்டில் செல்லுவதற்கான அப்போஸ்டில் முத்திரை வாங்கிவிடுகிறேன். அது செல்லுமா என்று செக்‌ஷன் கிளார்க்கிடம் முதலில் கேட்டுச் சொல்லுங்கள், ரெண்டு தடவை செலவழிக்க முடியாது. வாரிசுச் சான்றிதழ் நகலும், லைசன்ஸ் புத்தகத்தின் கடைசிப் புதுப்பிப்புப் பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீது டிரங்குப் பெட்டியில் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும், அதுதான் அவர் பழக்கம்.

பாப்பா சடங்குக்கு நான் தாய்மாமன் இல்லை, சித்தப்பன், ஆனாலும் பட்டுக்குப் பணம் அனுப்புகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். தை பிறந்ததும் அனுப்பிவிடுவேன், அதுவரை பாவூர்சத்திரம் அண்ணாச்சி கடையில் கணக்கில் எழுதச் சொல்லுங்கள், என் பேரில். தெற்கு வயல் குத்தகைக்காரன் இந்தத் தடவையாவது முழு நெல்லையும் அளந்தானா? வேலியை மறுபடி அரை முழம் தள்ளிவிட்டான் என்று அக்கா சொன்னாள். சண்டைக்குப் போகாதீர்கள். சர்வேயருக்கு மனு கொடுங்கள், வயல் பட்டா நகல் பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கிறது.

என் வீட்டுக்காரி அவள் அம்மா வீட்டிலேயே இருக்கிறாள், அவள் விசா பேப்பர் இன்னும் நகரவில்லை. அம்பாசமுத்திரம் பக்கம் போனால் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். துப்பாக்கி விஷயம் அவளுக்கும் தெரிய வேண்டாம். மதினியை விட்டு இடித்த இட்லிப் பொடி ஒரு கிலோ கொடுத்தனுப்பச் சொல்லுங்கள், ஆலங்குளத்துப் பையன் பொங்கல் முடிந்து டாலஸ் வருகிறானாம், அவன் தபாலில் போட்டுவிடுவான். எள்ளு கொஞ்சம் கூடப் போடட்டும்.

இப்படிக்கு,
தம்பி

அம்மா ரெண்டாம் பக்கத்தைக் கேட்டால், அது பட்டா விஷயம் என்று சொல்லுங்கள்.