பழைய ரூபாயை உருக்கும் முன்: வெள்ளி வாங்குவோருக்குத் திறந்த மடல்

பழைய வெள்ளி எடுக்கும் கடைக்காரர்களுக்கும் அடகு பிடிப்பவர்களுக்கும் வணக்கம்.

கொலுசு, கிண்ணம், அரைஞாணோடு பிரிட்டிஷ் காலத்து ரூபாய்க் காசுகளும் உங்கள் தராசுக்கு வருகின்றன. உருக்கப் போடும் முன் ஒவ்வொன்றையும் திருப்பி ஆண்டைப் படித்துவிடுங்கள். காசு சேகரிப்பவர்களாக நாங்கள் கேட்பது இது ஒன்றுதான்.

எடை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 1835 முதல் 1939 வரையிலான ரூபாயும் 1940 முதல் 1945 வரையிலான ரூபாயும் ஒரே 11.66 கிராம்தான். முதலாவதில் வெள்ளி 91.7 சதவீதம், ஏறக்குறைய 10.69 கிராம். போர்க்காலத்தில் அதைச் சரிபாதியாகக் குறைத்தார்கள், 5.83 கிராம் வெள்ளி, மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். இரண்டையும் ஒரே விலைக்கு எடுத்தால் யாரோ ஒருவருக்கு நட்டம். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது. அது நிக்கல், காந்தத்தில் ஒட்டும்.

1939 ஆண்டிட்ட ஆறாம் ஜார்ஜ் ரூபாய் மிக அரிது, அதனாலேயே போலிகளும் உண்டு. கடைசி எண் திருத்தப்பட்டிருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். 1911 ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் அரசரின் அங்கியிலிருந்த யானை பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்து, காசு திரும்பப் பெறப்பட்டது. 1912இல் யானையைத் திருத்தி வெட்டினார்கள். விக்டோரியா காசில் இன்னும் நுட்பம் இருக்கிறது. 1862 என்ற ஆண்டையே மாற்றாமல் 1874 வரை அச்சிட்டார்கள். பம்பாய் நாணயச்சாலையில் அச்சிட்ட காசுகளில் உள்ள புள்ளிகளை எண்ணித்தான் உண்மையான ஆண்டை அறிய வேண்டும். நூறு காசு ஒன்றுபோலத் தெரிந்தாலும் அவை ஒன்றல்ல.

தயவுசெய்து பளபளப்பாக்காதீர்கள். கருப்பு என்பது கந்தகம் பட்டு வெள்ளியின் மேல் படிந்த மெல்லிய படலம். புளி, சாம்பல், பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அதோடு அச்சின் மேற்பரப்பும் போய்விடும், நுண்கீறல்கள் விழும், அந்த இயல்பான ஒளியை எதனாலும் திருப்பித் தர முடியாது. உரைகல்லில் இழைப்பதும் இப்படித்தான், விளிம்பில் ஒரு வெட்டை நிரந்தரமாக விட்டுப்போகும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அசிட்டோனில் சற்று ஊறவிட்டு, துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். ஏற்கெனவே வளையம் பற்றவைத்துக் காசுமாலையில் கோத்தவற்றுக்குச் சேகரிப்பு மதிப்பு பெரும்பாலும் போயிற்று. அவற்றை வெள்ளி விலைக்கே எடுக்கலாம்.

ஒதுக்கி வைத்ததை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். அதிலுள்ள கந்தகம் காசைக் கறுக்கடிக்கும். மென்மையான பிவிசி உறையில் வைத்தால் பச்சைப் பிசுபிசுப்பு ஏறும். அமிலமற்ற காகித உறை போதும். வெளியே ஆண்டையும் எடையையும் பென்சிலால் எழுதி, காசுக்கு உரியவரிடமும் சொல்லிவிடுங்கள்.